பெற்றோல் வரிசையில் படுத்த ஆர்எக்ஸ்-7: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி: மஸ்டா ஆர்எக்ஸ்-7, முதல் தலைமுறை, 1980 உற்பத்தி. எஞ்சின்: 12ஏ, ரோட்டரி வகை (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர்), இரண்டு ரோட்டர், 1146 சி.சி. நிற்கும் இடம்: திருகோணமலை, ஓர்ஸ் ஹில். முறைப்பாடு: ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் பார்த்த கராச்சின் தீர்ப்பு: எஞ்சின் முடிந்துவிட்டது, கழற்றிவிட்டு டொயோட்டா எஞ்சின் ஒன்றை இறக்கலாம்.

அந்தத் தீர்ப்பு பிழை. அது எப்படிப் பிழையானது என்பது இந்த ஆய்வின் ஒரு பாதி. மற்றப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இவ்வளவு ஆசையாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டி, அப்படிப் பொத்தி வைத்ததாலேயே படுத்தது. கொட்டிலுக்குள் படங்குத் துணி போர்த்திய ரோட்டரி வண்டி வைத்திருப்பவர்களும், ஒரு காலத்தில் வைத்திருந்துவிட்டு இன்னும் அதைப் பற்றியே கதைப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசித்தால் நல்லது.

ஆளும் வண்டியும்

உரிமையாளர் கப்பல் எஞ்சின் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். நேரில் அண்ணை என்று கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். 80களின் தொடக்கத்தில் அவருடைய கப்பல் ஹிரோஷிமாவில் நின்றபோது, ஏற்றுமதிக்காக வரிசையாய் நிறுத்தியிருந்த ஆர்எக்ஸ்-7களைக் கண்டிருக்கிறார். முன்பக்கம் தாழ்ந்து, லைட்டுகள் பொனட்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்த வடிவம் மனதில் ஏறிவிட்டது. வாங்கக் கைகூடியது 2003இல்தான். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஹபரணை, கந்தளாய் வழியாக ஒரு கார் நிம்மதியாக ஊருக்கு வரலாம் என்ற நிலை ஏற்பட்ட பிறகு கொழும்பில் ஒருவரிடம் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

மூன்று வருடம் நன்றாக ஓடியது. 2004 சுனாமி கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் அடித்தபோது இந்த வண்டி மேட்டில் நின்றதால் தப்பியது. 2006இல் மாவிலாறு அணைக்கட்டுப் பிரச்சினையோடு சண்டை திரும்பவும் தொடங்க, ஊர் இறுகியது. தாழ்ந்து படுத்த சிவப்புக் கார் ஒன்று எந்தச் சோதனைச் சாவடியிலும் சும்மா போக முடியாது. பொனட்டைத் திறக்கச் சொல்வார்களாம். திறந்தால் அடுத்த கேள்வி, “எஞ்சின் எங்கே?” அது நியாயமான கேள்விதான். 12ஏ எஞ்சின் சின்னது, முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, கீழே இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் காற்று வடிகட்டியின் பெரிய வட்டமும் குழாய்களும்தான் தெரியும். ஒவ்வொரு சாவடியிலும் ரோட்டரி எஞ்சின் வகுப்பு எடுக்க அண்ணைக்குப் பொறுமை இல்லை. வண்டி கொட்டிலுக்குள் போனது.

சண்டை முடிந்த பிறகும் அது பெரிதாக வெளியே வரவில்லை. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், முழங்கால் நோவு, கிளச் கடினம். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் உருவானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோக்கை (குளிர்ந்த எஞ்சின் பிடிக்கக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் பிடி) இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது, இரண்டு மூன்று நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்பது, கொட்டிலிலிருந்து வெளியே எடுத்துத் துடைப்பது, திரும்பவும் ஸ்டார்ட் பண்ணி உள்ளே விடுவது, நிறுத்துவது. பக்கத்து வீட்டாருக்கு அது கோயில் மணி அடித்த கணக்கு. வருடக்கணக்காக இது நடந்தது. இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக இந்த மோகம்

வேகத்துக்காக என்று சொல்பவர்கள் நினைவை நம்பிச் சொல்கிறார்கள். 12ஏ எஞ்சினின் வலு ஏறக்குறைய 100 குதிரைவலு. இன்றைக்கு அனுராதபுரச் சந்தியில் நிற்கும் சாதாரண ஹைபிரிட் குடும்பக் கார் ஒன்று சிக்னலில் இதோடு சரிக்குச் சரி நிற்கும். வண்டியின் எடை ஆயிரம் கிலோவை ஒட்டியதுதான் என்பதால் கைக்கு இலேசாக இருக்கும், அது உண்மை. ஆனால் ஆட்களைப் பிடித்து வைத்திருப்பது வேறு விஷயம்.

பிஸ்டன் மேலே போகும், நிற்கும், கீழே வரும், நிற்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்த நிறுத்தமும் திருப்பமும் நடப்பதால்தான் எஞ்சின் உதறுகிறது. ரோட்டரியில் திரும்பிப் போவது என்ற பேச்சே இல்லை. பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டர் ஒன்று, இடுப்புச் சிறுத்த நீள்வட்ட அறைக்குள் ஒரே திசையில் உருண்டுகொண்டே இருக்கும். அதன் மூன்று முகமும் மூன்று தனித்தனி அறைகள் மாதிரி. ஒன்று கலவையை இழுக்கும்போது இன்னொன்று அழுத்தும், மற்றது எரிந்து தள்ளும். ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். அதனால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டருக்கு ஒரு தடவை வெடிப்பு உண்டு. வால்வு இல்லை, கேம் தண்டு இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. 6000க்கு மேலும் முறுக்கலாம், ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வராது. அதனாலேயே, ஓட்டுபவர் தெரியாமல் எல்லை தாண்டிவிடக் கூடாது என்று இந்த வண்டியில் ஒரு பஸர் வைத்திருக்கிறார்கள். 7000 சுற்றுக்குக் கிட்டப் போனால் கத்தும்.

அண்ணை இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. “தம்பி, கப்பல் எஞ்சின் உன்ர எலும்பையே ஆட்டும். நான் முப்பது வருசம் ஆடினனான். இது உன்னைத் தொடவே தொடாது.”

அந்த மென்மைக்கு விலை ஒன்று உண்டு, அது முதல் நாளிலிருந்தே தெரிந்ததுதான். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல் என்எஸ்யு நிறுவனத்தில் உருவாக்கிய மாதிரி எஞ்சின் 1957இல் ஓடியது. மஸ்டா 1961இல் உரிமம் வாங்கியது. ஓட்டிப் பார்த்துத் திறந்தால் அறையின் உட்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல். ரோட்டரின் மூன்று நுனியிலும் இருக்கும் அப்பெக்ஸ் சீல்கள் சுவரைத் தொட்டுக்கொண்டு ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து போட்ட கீறல். ஜப்பான்காரர் அதைப் பிசாசின் நகக்கீறல் என்றார்கள். கெனிச்சி யமமோத்தோ தலைமையில் 47 பொறியியலாளர்கள் உட்கார்ந்து, கடைசியில் கரியும் அலுமினியமும் கலந்த சீல் ஒன்றில் தீர்வு கண்டார்கள். 1967 மே மாதம் மஸ்டாவின் ரோட்டரிக் கார் கொஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதே 1967இல் என்எஸ்யு தன் ரோட்டரிக் காரான ரோ 80ஐ இறக்கியது. 1968க்கான ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருதும் வாங்கியது. ஆனால் சீல் தேய்ந்து தேய்ந்து உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றியே நிறுவனம் ஓட்டாண்டியானது, 1969இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ரோ 80 ஓட்டும் இருவர் வீதியில் எதிரெதிரே வந்தால், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரல் காட்டிக்கொள்வார்கள் என்று ஒரு பகிடி உண்டு.

மஸ்டாவுக்கு அடி வந்தது சீலால் அல்ல, பெற்றோலால். 1973 எண்ணெய் நெருக்கடியில் தாகம் கூடிய ரோட்டரி வண்டிகளை அமெரிக்காவில் வாங்க ஆள் இல்லை. வங்கி வந்து கைகொடுக்க வேண்டியதாயிற்று. 1978இல் வந்த ஆர்எக்ஸ்-7தான் ரோட்டரியைத் திரும்பவும் தூக்கி நிறுத்தியது. நான்கு ரோட்டர் வைத்த 787பி 1991இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றதெல்லாம் அதன் பிறகு வந்த மகிமை. எண்ணெய் நெருக்கடியில் அடிபடுவது இந்த எஞ்சினின் தலையெழுத்து போலும். ஓர்ஸ் ஹில் வண்டிக்கும் அதுதான் நடந்தது.

நிகழ்வு

2022 நடுப்பகுதி. அந்த வரிசைகளை இலங்கையில் இருந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தொட்டிகள் காட்டுக்குள் நிற்க, நகரத்தில் பெற்றோல் ஷெட்டிலிருந்து அடுத்த சந்தி வரைக்கும் வாகனங்கள் நின்றன. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய். அப்போது வீடு வீடாக எல்லாரும் செய்ததையே அண்ணையும் செய்தார். ஓடாத வாகனமும் வாகனம்தானே. கொட்டிலில் கிடந்த ஆர்எக்ஸ்-7ஐ வரிசையில் விட்டு நிரப்பி, வீட்டுக்கு வந்து குழாய் போட்டு உறிஞ்சி, மருமகனின் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவது. பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனது. இந்த வண்டி லீற்றருக்கு ஏழு எட்டுக் கிலோமீற்றர் ஓடினால் பெரிய விஷயம். அப்படியிருக்க, அந்தப் பெற்றோலை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றியது கணக்குப்படி சரிதான்.

பிழை நடந்தது வரிசையில். முன்னால் நிற்கும் வாகனம் நகர்ந்தால் மற்றவர்கள் கையால் தள்ளினார்கள். அண்ணைக்குத் தள்ளும் வயதில்லை. சோக்கை இழுப்பார், ஸ்டார்ட் பண்ணுவார், இரண்டு வண்டி நீளம் நகர்வார், பெற்றோலை மிச்சம் பிடிக்க உடனே நிறுத்துவார். அரை மணி கழித்துத் திரும்பவும் அதே. எஞ்சின் சூடாக ஒரு தடவை கூட விடவில்லை. மத்தியானத்தளவில் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, வழுவழு என்று சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நாலு பேர் சேர்ந்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். பெற்றோலும் இல்லை, வண்டியும் இல்லை.

முதல் தீர்ப்பு

கராச்சில் செய்தது இது. பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் எஞ்சினுக்குப் பாவிக்கும் கம்பிரெஷன் கேஜ் (அறைக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் மானி) ஒன்றைப் பூட்டிச் சுற்றியிருக்கிறார்கள். 40 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வந்திருக்கிறது. இந்த எஞ்சினுக்கு ஏறக்குறைய 85 பி.எஸ்.ஐ. குறைந்தபட்சம். பாதிகூட இல்லை, ஆக எஞ்சின் செத்துவிட்டது.

இதில் மூன்று விஷயம் விடுபட்டுப்போனது. அந்த 85 என்பது எஞ்சின் நிமிடத்துக்கு 250 சுற்றில் சுற்றும்போது உள்ள கணக்கு. நாள் முழுக்க வரிசையில் ஸ்டார்ட் பண்ணிக் களைத்த பற்றரியால் அந்த வேகம் வராது. அடுத்தது, அந்தக் கேஜுக்குள் ஒரு சின்ன ஒருவழி வால்வு உண்டு, அது கண்ட அதிகூடிய அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே காட்டும். ரோட்டரின் மூன்று முகமும் ஒரே பிளக் துளையைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன. எந்த முகம் நல்லது, எது கெட்டது என்று அந்தக் கேஜ் ஒருக்காலும் சொல்லாது. கடைசியாக, பெற்றோலில் குளித்த ரோட்டரி எஞ்சினில் அளவெடுப்பதே பிரயோசனமில்லை. சீலுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் மெல்லிய ஒயில் படலம்தான் அழுத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது. சோக் இழுத்த கலவை அந்தப் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். கழுவினால் அழுத்தமில்லை, அழுத்தமில்லாவிட்டால் பிடிக்காது, பிடிக்காமல் சுற்றச் சுற்ற இன்னும் பெற்றோல் உள்ளே போகும்.

கராச்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்த மாவட்டத்தில் ரோட்டரி எஞ்சின் திறந்தவர் எத்தனை பேர்? நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றுபோய், பழைய எஞ்சினுக்கும் தங்க விலை வைத்த காலத்தில் எஞ்சின் மாற்றச் சொல்வது சின்ன யோசனை அல்ல. அதோடு பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றும் அலைச்சல் வேறு.

சோதனை

என்னை அண்ணை கூப்பிட்டபோது கிண்ணியாவிலிருந்து ஒரு மெக்கானிக் நானாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நானாவின் அன்றாட வேலை மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின். ரோட்டரி தெரியாது. ஆனால் ஒயில் கலந்த பெற்றோலில் ஓடும் எஞ்சினின் மனசு தெரியும், அது இங்கே பாதி வேலை.

முதலில் பெற்றோல் பம்பின் பியூஸைக் கழற்றினோம். நான்கு பிளக்கையும் எடுத்தோம் (ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்). நான்கும் நனைந்து, கரி படிந்து இருந்தன. அக்சிலேற்றரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற, துளைகளிலிருந்து பெற்றோல் புகையாய்ப் பீறிட்டது. வாசனை அடங்கும் வரை அப்படியே சுற்றினோம். பிறகு ஒவ்வொரு ரோட்டருக்கும் கொஞ்சம் ஒட்டோ கியர் ஒயிலை விட்டு, கையால் மெல்லச் சுற்றி, இரவு முழுக்க ஊறவிட்டோம். கரியில் ஒட்டிக்கொண்ட சீல்களை இளக்குவதற்குப் பழைய ரோட்டரிக்காரர்கள் செய்யும் வேலை இது.

மறுநாள் லொறி பற்றரி ஒன்றை இணைத்து, கேஜின் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டுச் சுற்றினோம். இப்போது முள் நிற்காது, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு துள்ளல் துள்ளும். முன் ரோட்டரில் மூன்று துள்ளலும் ஒரே உயரம். பின் ரோட்டரில் ஒன்று நன்றாகத் துள்ளியது, அடுத்த இரண்டும் அரைவாசி. காதை வைத்துக் கேட்டாலே தெரிந்தது. நானா கேஜைப் பார்க்காமலே சொன்னார், “ஒண்டு ஓடுது, ரெண்டு நொண்டுது.”

ஒன்று நல்லது, இரண்டு கெட்டது என்ற கணக்கு ஒரு செய்தி சொல்கிறது. ஒரு அப்பெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்கு நடுவில் நிற்கிறது. அது சரியில்லாவிட்டால் இரண்டு பக்க அறைகளும் அழுத்தம் இழக்கும். ரோட்டரின் பக்கவாட்டை அடைக்கும் பக்கச் சீல் போயிருந்தால் ஒரு அறைதான் குறையும். ஆக, பின் ரோட்டரில் ஒரே ஒரு அப்பெக்ஸ் சீல். மற்ற ஐந்தும் உயிரோடு இருந்தன.

புதுப் பிளக் போட்டு அடித்தபோது வண்டி பிடித்தது. உள்ளே விட்ட ஒயில் எல்லாம் எரிந்து ஒழுங்கை முழுவதும் வெள்ளைப் புகை. தெருவில் நின்ற மான்கள் மதில் தாண்டி ஓடின, மேல் வீட்டு அக்கா தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு வந்துவிட்டார். புகை அடங்கியதும் எஞ்சின் சீராக ஓடியது, அண்ணை பேசவே இல்லை. நான் ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். எஞ்சின் சூடானதும் சின்னச் சின்னக் குமிழிகள் வரத் தொடங்கின, நிற்கவில்லை. எரியும் அறையிலிருந்து தண்ணீர்ப் பாதைக்குள் வாயு போகிறது. இனித் திறக்காமல் வழியில்லை.

திறந்தபோது

ரோட்டரி எஞ்சினுக்கு சிலிண்டர் ஹெட் இல்லை. முன் இரும்புத் தகடு, ரோட்டர் அறை, நடு இரும்பு, இரண்டாவது ரோட்டர் அறை, பின் இரும்பு என்று ஐந்து அடுக்கு. குழல் புட்டில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி நிற்கிற மாதிரி. நீண்ட போல்ட்டுகள் முன்னிருந்து பின்னுக்கு ஓடி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கின்றன. பெரிய தடை ஃபிளைவீல் நட். 54 மில்லிமீற்றர், அசுரப் பிடி. கார் கராச்களில் அந்த அளவு சொக்கெட் கிடைக்கவில்லை. கப்பல் பழுதுபார்க்கும் பழைய நண்பர் ஒருவரிடமிருந்து அண்ணையே கொண்டுவந்தார். ஒரு ஆள் உயரக் குழாயைக் கைப்பிடியில் மாட்டி, இரண்டு பேர் தொங்கித்தான் அது அசைந்தது.

பின் ரோட்டரின் ஒரு அப்பெக்ஸ் சீல், தான் அசைய வேண்டிய பள்ளத்துக்குள் கரியோடு இறுகிப்போய் இருந்தது. உடையவில்லை. உடைந்திருந்தால் அந்தத் துண்டு சுவரை உழுதுவிட்டிருக்கும், அதோடு அறையும் போயிருக்கும். சுவரின் குரோம் பூச்சில் பிளக் துளைக்குப் பக்கத்தில் கொஞ்சம் உரிந்திருந்தது. மோசமில்லை.

காரணம் வெளியிலிருந்தே தெரிந்தது. இந்த எஞ்சினில் ஒரு சின்ன ஒயில் பம்ப் உண்டு. அது எஞ்சின் ஒயிலிலிருந்து அளவாக எடுத்து, மெல்லிய குழாய்களால் காபரேற்றருக்கு அனுப்பும். பெற்றோலோடு உள்ளே போய் அப்பெக்ஸ் சீல்களை நனைத்துவிட்டு எரிந்துபோக வேண்டிய ஒயில் அது. அந்தக் குழாய்களை யாரோ கழற்றி, முனைகளைத் திருகாணியால் அடைத்திருந்தார்கள். அண்ணைக்கு ஞாபகம் வந்தது. வாங்கிய இரண்டாம் வருடமே, வண்டி ஒயில் குடிக்கிறது என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் “சரியாக்கி” கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒயில் குறையவே இல்லையாம். அதில் அவருக்குப் பெரிய சந்தோசம்கூட. கப்பல் எஞ்சினில் ஒயில் குறைந்தால் பழுது. இந்த எஞ்சினில் ஒயில் குறையாவிட்டால்தான் பழுது.

தண்ணீர்ப் பாதைதான் என்னைக் கவலைப்படுத்தியது. ரோட்டர் அறைகள் அலுமினியம், இரும்புகள் வார்ப்பிரும்பு. இரண்டு வேறு உலோகம் ஒன்றை ஒன்று தொட்டபடி, நடுவில் தண்ணீர். கூலன்ட் (அரிப்பைத் தடுக்கும் குளிரூட்டித் திரவம்) சரியாக இருந்தால் பிரச்சினையில்லை. இங்கே வருடக்கணக்காக வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். கடற்கரை ஊரில் கிணறு கச்சான் காலத்தில் எப்படி உவர்க்கும் என்று நமக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்துத் தின்றிருந்தது. பின் அறையில் ரப்பர் வளையம் அமரும் பள்ளத்துக்குப் பக்கத்தில், விரல் நகத்தால் தடவினால் சிக்கும் அளவுக்குக் குழி. வளையமோ பிளாஸ்டிக் போல இறுகி, எடுக்கும்போதே துண்டு துண்டாக வந்தது. குமிழிகள் வந்த வழி அது.

அப்பெக்ஸ் சீலைத்தான் உலகம் முழுக்கப் பழி சொல்கிறது. இந்த வண்டியில் சீல் குற்றவாளி இல்லை. குளிரில் ஸ்டார்ட் பண்ணிக் குளிரிலேயே நிறுத்தியது, அதற்குப் போக வேண்டிய ஒயிலை அடைத்தது, எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் விட்டது. மூன்றும் வெளியிலிருந்து செய்தது, மூன்றும் அக்கறையில் செய்தது. ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்துக்காக அவர் எடுத்த அந்த இரண்டு நிமிடம், எஞ்சினுக்குக் கரியையும் ஈரத்தையும் மட்டும் கொடுத்தது. அதை மெல்லச் சொன்னபோது அண்ணை கொஞ்ச நேரம் நட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நான் ஸ்டார்ட் பண்ணாமலே விட்டிருக்கலாமோ?” என்று கேட்டார். ஆம் என்பதுதான் பதில். ஒயில் விட்டு, பற்றரியைக் கழற்றி, மாதம் ஒரு தடவை கையால் சுற்றி வைத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் நிலாவெளி வரை ஓட்டியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆபத்து.

மாற்றுவதா, கட்டுவதா

கொட்டிலில் எஞ்சின் பிரிந்து கிடந்த நாட்களில் அங்கே வந்துபோன ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. யாருக்கும் சொல்லவில்லை, எப்படியோ வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கொழும்பில் மஸ்டாவின் இன்னொரு ரோட்டரிக் காரான கப்பெல்லா ஆர்எக்ஸ்-2 வைத்திருந்து, 1983இல் வீட்டோடு அதையும் எரியக் கொடுத்தவர். ரோட்டரைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு காலம் ஓட்டியும் உள்ளே இருப்பதை அன்றுதான் கண்டாராம். இன்னொரு பெடியன், இருபது வயதிருக்கும், ரோட்டரி வண்டியில் ஏறியதே இல்லை. ஆனால் பிந்திய ஆர்எக்ஸ்-7இல் வந்த 13பி-ஆர்ஈடபிள்யூ எஞ்சினின் இரண்டு டர்போவும் எந்தச் சுற்றில் கைமாறும் என்று சொல்கிறான். வைத்திராத வண்டிக்கும் ஏக்கம் வரும் என்பதை அவனிடம் கண்டேன்.

மருமகன் டொயோட்டா எஞ்சினுக்கு ஆதரவு. அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பெற்றோல் மிச்சம், பாகம் கிடைக்கும், புகைப் பரிசோதனையில் வியர்க்கத் தேவையில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: அந்த எஞ்சின் வைத்த பிறகு இந்த வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள்? வடிவத்துக்காக வைத்திருப்பதென்றால் எஞ்சினே தேவையில்லை, படங்குத் துணி போதும். அண்ணை ஆசைப்படுவது உதறாத எஞ்சினுக்கு. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது முழங்கால் நோகும் ஒரு தாழ்ந்த கார். மாமா இனிமேல் ஒழுங்காக ஓட்டுவாரா என்று மருமகன் திருப்பிக் கேட்டார். அதுவும் சரியான கேள்வி, அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

முடிவில் பாகம் வந்த வழி நம் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். அவுஸ்திரேலியாவில் ரோட்டரிப் பைத்தியம் அதிகம், 12ஏக்கு அங்கே இன்றைக்கும் எல்லாச் சீலும் புதிதாகக் கிடைக்கும். மெல்பேர்னில் இருக்கும் பெறாமகள் ஊருக்கு வரும்போது உடுப்புப் பெட்டிக்குள் சீல் செட்டையும் தண்ணீர் வளையங்களையும் வைத்துக்கொண்டு வந்தார். 3 மில்லிமீற்றர் அப்பெக்ஸ் சீல் ஆறும், பன்னிரண்டு மூலைச் சீலும், பன்னிரண்டு பக்கச் சீலும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அரித்த பள்ளத்தை அலுமினியம் ஒட்டவைத்து நிரப்பி, திரும்பவும் கடைந்து எடுத்தோம். இந்த வேலை திருகோணமலையில் செய்ய முடியவில்லை, கண்டிக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஒயில் குழாய்களின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு நேராகப் பூட்டினோம். பம்ப் பழசு, நம்பிக்கை குறைவு என்பதால், பத்து லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 80 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஒயிலும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மீன்பிடி ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. செலவெல்லாம் கூட்டினால் எஞ்சின் மாற்றக் கேட்ட தொகையில் பாதியைச் சற்றுத் தாண்டியது. நானா தன் கூலியைக் குறைத்தது அதில் ஒரு காரணம்.

இப்போதைய நிலை

வண்டி ஓடுகிறது. மருமகனின் சந்தேகத்துக்கு அண்ணை நடைமுறையில் பதில் சொல்லிவிட்டார். கிளச்சுக்குக் கால் வலித்தால் மருமகனையே ஓட்ட விடுகிறார். பாதை எப்போதும் ஒன்றுதான். உப்புவெளி, நிலாவெளி தாண்டிக் குச்சவெளி. போகும்போது சூட்டுமானி நடுவுக்கு வரும் வரை 3000க்கு மேல் மிதிப்பதில்லை. வரும்போது வெறும் வீதி கண்டால் பஸர் கத்தும் வரை ஒரு தடவை முறுக்க வேண்டும், கரி எரிந்து போவதற்கு. அது நான் எழுதிக் கொடுத்த விதி, எல்லாரும் மனமுவந்து கடைப்பிடிக்கும் ஒரே விதியும் அதுதான். பாதி வழியில் கடைக்கு நிறுத்தினாலும், எஞ்சின் சூடாகியிருக்காவிட்டால் ஓட விட்டபடியேதான் இறங்க வேண்டும்.

அடுத்து இந்த எஞ்சினைத் திறப்பவருக்காகக் குறிப்பு. முன் அறையில் எந்தத் திருத்தமும் செய்யவில்லை, சீல் மட்டும் புதிது. பின் அறையின் குரோம் உரிவு அப்படியே இருக்கிறது, அடுத்த தடவை அந்த அறையை மாற்ற வேண்டி வரும். நடு இரும்பில் சீல் ஓடிய தடம் கண்ணுக்குத் தெரிகிறது, நகத்துக்குச் சிக்கவில்லை. ரேடியேற்றரில் இப்போது இருப்பது கூலன்ட். கிணற்று வாளியைக் கொட்டிலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன், எடுத்ததாகத் தெரியவில்லை.